ஆர்த்தமிஸுக்கு எத்தனை கை

அழகு என்றால் என்ன என்று தெரிந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் ஐகிலியா ஊர்ச் சிற்பி ஆந்திடோரஸ். இதை அவரே சொல்லியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

மற்றவர்களுக்கு எது அழகு என்று தெரியுமாம். அழகு எது என்று தெரியாதாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவர்கள் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டார்கள். அவர் பட்டறையில் கல் கொத்தும் நான் இரண்டு முறை தவறவிட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் வேட்டைத் தேவி ஆர்த்தமிஸின் கோயிலுக்குப் புதுச் சிலை வைப்பதென்று ஊர் முடிவு செய்தது. களிமண் மாதிரிகள் இரண்டு வந்தன. ஒன்று ஆந்திடோரஸ் மூன்று வருஷம் இழைத்தது. மற்றது ஸ்திரோம்பிகஸ் ஒரு மாதத்தில் முடித்தது. எது வேண்டும் என்பதை ஊர்ச்சபை கைதூக்கிச் சொல்லும். ஆந்திடோரஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்னொரு கோயில் கிடைக்காது. தோற்றால் மிச்சக் காலம் முழுக்கக் கல்லறைக் கல்லில் செத்தவர்களுக்கு மூக்கு செதுக்க வேண்டியதுதான். காலையில் நான் போகும்போதெல்லாம் மாதிரியை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் துணியைக் கீழே போட்டுவிடுவார்.

சபைக்குப் பத்து நாள் முன்பே ஸ்திரோம்பிகஸ் வீடு வீடாகக் கிளம்பினார். ஆட்டுக்குக் கால் தேவலையா, மருமகள் தேறிவிட்டாளா என்று விசாரித்துவிட்டு, புறப்படும்போது தன்னையும் கொஞ்சம் கைதூக்கி விடச் சொன்னார். ஆந்திடோரஸ் அவரைச் சந்தையில் மடக்கினார்.

"ஏம்ப்பா, சிலை செய்றியா, கைப்பிச்சை எடுக்குறியா?"

"ஊர்ச் சாமிண்ணே. ஊரு தூக்குற கையிலதான இருக்கு?"

"ஊரு தூக்கினா மூக்கு நேராயிருமா? உன் சிலைக்கு அது கோணலா இருக்கு."

"உங்க சிலைக்கு மூக்கு நேராத்தாண்ணே இருக்கு. உங்க ஜாடை."

அத்திப்பழம் விற்றவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

சபையன்று பன்றிக்குட்டியைப் பலியிட்டு, புல்வெளியில் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் கைகளை எண்ணும் வழக்கம் இல்லை. அறிவிப்பாளர் கண்ணால் பார்த்து, எந்தப் பக்கம் அடர்த்தி என்று சொல்லுவார்; அவ்வளவுதான். முதல் சுற்றில் அவருக்குப் பிடிபடவில்லை. ஆந்திடோரஸ் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வாதத்தில் தோற்றவன்தான் கையைத் தூக்குவான் என்று முந்தின நாள்தான் எனக்கு விளக்கியிருந்தார்.

இரண்டாவது சுற்று. முதலில் ஸ்திரோம்பிகஸுக்கு. ஸ்திரோம்பிகஸ் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்கும்படி அறிவிப்பாளர் சொன்னார். அடுத்து ஆந்திடோரஸின் பெயரைக் கூப்பிட்டார். நான் கையைத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன்.

ஆந்திடோரஸின் வலது கை ஏற்கெனவே மேலே இருந்தது. அவருக்கு இடப்பக்கம் தேனீ வளர்க்கும் பிலாக்ரஸ் கிழவர். முதல் சுற்றில் ஸ்திரோம்பிகஸுக்குக் கைதூக்கிய களைப்பில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆந்திடோரஸ் மலையைப் பார்த்தபடியே இடது கையைக் கிழவரின் முழங்கைக்கு அடியில் கொடுத்து, ஈரக் களிமண்ணைத் தூக்குவதுபோல மெல்லத் தூக்கினார்.

அறிவிப்பாளரின் பார்வை எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. கிழவரின் விரல்கள் மடங்கியிருந்தன. ஆந்திடோரஸ் வலது கையை ஒரு கணம் இறக்கி, அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டு, மறுபடி உயர்த்தினார்.