பொருள்: இட்லிக் கடையை அப்புறப்படுத்துதல் தொடர்பாக

ராஜகோபாலனுக்கு மனு எழுதுவது என்றால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுகிற மாதிரி. அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் ஊரார் எழுதிய மனுக்களைப் படித்துப் படித்து நொந்துபோன மனிதர், ஓய்வுபெற்ற மறுநாளே தானும் எழுத உட்கார்ந்துவிட்டார். தெருவிளக்கு எரியவில்லையா, மனு. பகலில் எரிகிறதா, அதற்கும் மனு. ஒவ்வொன்றையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வாங்கி, தேதிவாரியாகக் கோப்பில் குத்தி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"இந்த ஆத்துல என் புடவைக்கு எடமில்லை, உங்க காகிதத்துக்கு ரெண்டு பீரோ" என்பாள் மனைவி வைதேகி.

இப்பேர்ப்பட்டவருக்குக் காலை ஆகாரம் செண்பகத்தின் தள்ளுவண்டியில். ராஜா அண்ணாமலைபுரத்தில் இவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கேட்டிலிருந்து இருபதடி தள்ளி நிற்கிறது அந்த வண்டி. மூணு இட்லி, வடைகறி, மேலே கொஞ்சம் சட்னி. "வா சார், குந்து சார்" என்று அவளே பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போடுவாள். வைதேகிக்கும் இதில் பரம சந்தோஷம், மாவரைக்கிற வேலை மிச்சம்.

அந்தக் கடைக்கு வராத சோதனை இல்லை. பம்ப் ஸ்டவ் கூடாது என்றார்கள், கடன் வாங்கி வணிக சிலிண்டருக்கு மாறினாள். பிளாஸ்டிக் பை கூடாது என்றார்கள், வாழையிலைக்கு மாறினாள். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் என்றார்கள், அதையும் வாங்கி வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். சிலிண்டர் விலையும் உளுந்து விலையும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின. ஆனாலும் அவள் இட்லியைச் சின்னதாக்கவில்லை, தன் தூக்கத்தைத்தான் சின்னதாக்கிக்கொண்டாள். ஆற்றோரம் இருந்த வீடு வெள்ளத்தில் போனபிறகு பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து முதல் பஸ்ஸில் மாவுத் தூக்கோடு வந்து இறங்குவாள். எப்படித்தான் முடிகிறதோ!

மாதத்துக்கு ஒரு தடவையாவது பழைய கதை ஒன்றை எடுப்பாள். "எவனோ ஒரு புண்ணியவான் பெட்டிசன் போட்டுட்டான் சார். லாரில வந்து வண்டியத் தூக்கிக்கினு போய்ட்டாங்க. மாவு ரோட்டுல ஓடுது, நா பக்கத்துல குந்திக்கினு அழுவுறேன். அவன் மட்டும் என் கைல கெடச்சான்னு வெச்சுக்கோ..." அதற்குப்பின் வருவதை அச்சில் ஏற்ற முடியாது. அப்போதெல்லாம் ராஜகோபாலன் தண்ணீர் கேட்பார்.

அந்தப் புண்ணியவான் சாட்சாத் இவரேதான்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் எழுதிய மனு அது. அப்போது அவர் அந்தக் கடையில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. லாரி வந்து போன மறுவாரமே செண்பகம் அபராதம் கட்டி, வண்டியை மீட்டு, அதே இடத்தில் நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் மகளின் பிரசவத்துக்கென்று வைதேகி பெங்களூர் போனாள். பசி தாங்காமல் இவர் கீழே இறங்கினார். அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான்.

போன வாரம் வார்டு அலுவலகத்திலிருந்து தமிழ்நிலா என்கிற பெண் தெருவோரக் கடைகளைக் கணக்கெடுக்க வந்தாள். கையில் டேப்லெட், தோளில் பை, முகத்தில் வெயில். நல்ல பெண். ஆனால் அவள் கேட்ட கேள்விதான் நல்லதாக இல்லை.

"அக்கா, பத்து வருஷத்துக்கு மேல இதே எடத்துல கடை போடுறீங்கன்னு ஆபீஸ் சீல் வச்ச பேப்பர் ஏதாவது இருக்கா? இருந்தா இங்கயே அடையாள அட்டை கிடைச்சிடும். இல்லன்னா உங்க ஆதார்ல இருக்கிற பெரும்பாக்கத்துலதான் எடம் போடுவாங்க."

செண்பகத்தின் கை கரண்டியோடு நின்றது. "அங்க கீறவங்க எல்லாம் என்ன மாதிரியே விடிஞ்சா பஸ் ஏறி ஓடுறவங்கம்மா. குந்தி இட்லி துன்ன அங்க யாருக்கு நேரம் கீது? யாவாரமே ஆவாது."

"பழைய பேப்பர் எதுவுமே இல்லியா?"

"வெள்ளத்துல வூடே போச்சு. பேப்பர் மட்டும் நிக்குமா?"

"நாளைக்குக் காலையில லிஸ்ட்டை முடிக்கணும்க்கா. அதுக்குள்ள பாருங்க" என்று தமிழ்நிலா சங்கடத்தோடு நகர்ந்தாள்.

செண்பகம் ராஜகோபாலன் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "சார், நீ ஆபீஸ்ல இருந்தவரு. நா இங்க கீறேன்னு எங்கியாச்சும் ஒரு காயிதத்துல எழுதிக்கீதா சார்?"

எழுதியிருந்தது. தேதி போட்டு, முத்திரையோடு, இவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

"குடுத்துட்டு வாங்கோன்னா" என்றாள் வைதேகி.

"இதைக் குடுத்தா அவ என் மூஞ்சில முழிப்பாளாடி?"

"மாட்டா. ஆனா அவ கடை அங்கேயே இருக்கும்."

"கையெழுத்தை மறைச்சு ஒரு ஜெராக்ஸ் எடுத்தா?"

"மொட்டைக் கடுதாசின்னு குப்பையில போடுவா. ஆபீஸ்ல நீங்களும் அதைத்தானே பண்ணிண்டிருந்தேள்?"

ராஜகோபாலன் கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவினார்.

மறுநாள் காலை தமிழ்நிலா வருவதற்கு முன்பே கீழே இறங்கி நின்றார். ஸ்டூலில் உட்காரவில்லை. அவள் வந்ததும் பழுப்பேறிய தாளை நீட்டினார். செண்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "காயிதம் கெடச்சுதா சார்? நீ தெய்வம் சார்! சத்தமா படிம்மா, எல்லாரும் கேக்கட்டும்!"

வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். தமிழ்நிலா உற்சாகமாக ஆரம்பித்தாள்.

"பொருள்: நடைபாதையை ஆக்கிரமித்துள்ள இட்லிக் கடையை அப்புறப்படுத்துதல் தொடர்பாக. ஐயா, மேற்படி தெருவில் செண்பகம் என்ற பெண்மணி கடந்த நான்கு ஆண்டுகளாக, ஞாயிறு மற்றும் பண்டிகை நாட்கள் உட்பட ஒரு நாளும் தவறாமல், காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, ருசியற்ற உணவை விற்று..."

குரல் தானாக இறங்கி நின்றது. அடியில் இருந்த பெயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றார் ராஜகோபாலன். "லாரி வந்ததும் என்னாலதான். மன்னிச்சுடும்மா."

தமிழ்நிலா மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. நேரம் உட்பட எழுதியிருக்காரு." படம் எடுத்து, ஏற்றி, அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். செண்பகம் அடுத்தவருக்கு இட்லி எடுத்து வைக்கத் திரும்பிக்கொண்டாள்.

அவர் சாப்பிடாமல் மேலே வந்தார். அடுத்த மூன்று நாள் பிரெட்டும் ஜாமும்தான். பால்கனிப் பக்கமே போகவில்லை. வடைகறி வாசனை மட்டும் மூன்றாம் மாடி வரை வந்து போனது. எழுபத்திரண்டு வயசில் ஒரு ஸ்டூலுக்காக இப்படி ஏங்குவோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் செண்பகம். இத்தனை வருஷத்தில் அவள் மாடி ஏறி வந்தது இதுதான் முதல் தடவை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"லிஸ்ட்டுல பேரு வந்திருச்சு சார். அதே எடம்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. "லாரி விஷயம்..."

"அத்த வுடு. அதுக்கு உன்ன பதிமூணு வருசமாத் திட்டித் தீத்துட்டேன். நீயும் எதுத்தாப்புல குந்தி கேட்டுக்கினுதான இருந்த? அது முடிஞ்சுபோச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ருசியற்றன்னு எழுதிக்கீறியே, துன்னு பாத்துட்டா எழுதின?"

ராஜகோபாலன் தலையைக் குனிந்தார். "இல்லம்மா. தப்புதான்."

"வாயால தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? சீல் வெச்ச காயிதம் சார் அது. கம்ப்யூட்டர்ல வேற ஏத்திட்டாங்க. என் கடையப் பத்தி கெவருமெண்ட்டுல கீறது அந்த ஒரு காயிதந்தான். நா செத்தப்பறமும் அதுல ருசியற்றன்னுதான் நிக்கும். எனுக்கு மூணு நாளாத் தூக்கமில்ல." அவள் குரல் உடைந்தது. "இன்னோரு பெட்டிசன் போடு. துன்னு பாத்தேன், நல்லா கீதுன்னு எழுது. அதுலயும் சீல் வாங்கினு வா. அப்பறந்தான் உனுக்கு இட்லி."

திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிப் போய்விட்டாள்.

அவர் அப்போதே உட்கார்ந்து எழுதினார். 'ருசியற்ற' என்ற சொல்லைத் திரும்பப் பெற்று, 'ருசியான' என்று திருத்தி வாசிக்க வேண்டினார். எழுதியதை உரக்கப் படித்தபோது உள்ளேயிருந்து வைதேகி, "'மிகவும்'னு சேத்துப் போடுங்கோ" என்றாள். போட்டார்.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு அரைமணி முன்னதாகவே, மனுவையும் நகலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நின்றார் ராஜகோபாலன். பசி காதை அடைத்தது.