மேலாளர் வயிற்றில் தங்கிய அசதி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் பற்கள் இன்றே கொட்டிப்போகட்டும். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்தியின் அசதி, குடல்வால் அறுவையின்போது மருத்துவமனை மேலாளரின் வயிற்றுக்குள் விழுந்து, உள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டது.

அசதி ஒரே நாளில் சேர்ந்ததல்ல. டாக்டர் கேட்குமுன் கத்தரியை அவர் உள்ளங்கையில் வைத்து, ஒரு கேஸ் முடிந்த கையோடு அடுத்ததற்குக் கை கழுவி, நின்றே வருஷங்களை ஓட்டியதில் அது அவள் பிடரியில் பூனைக்குட்டி அளவுக்குத் திரண்டிருந்தது. வீட்டில் கணவர் சோம்பல் முறிக்கக் கையை நீட்டினால்கூட அதில் கரண்டி பட்டென்று வந்து விழும். மகளோ தானே கட்டிய கதை ஒன்றை அம்மாவிடம் சொல்லிவிடத் துடித்தாள். “ஒரு ஊர்ல” என்பதற்குள் அம்மா குறட்டை விடுவாள். “அந்த ஊரைத் தாண்டி நீ வரவே மாட்டியாம்மா?” என்று ஒருநாள் அழுதேவிட்டாள்.

மறுநாள் நர்ஸ் விடுப்புக் கேட்டாள். “அசதியா? எங்க, காட்டுங்க சிஸ்டர்,” என்றார் மேலாளர். அவள் திரும்பிப் பிடரியைக் காட்டினாள். அவர் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே குடல்வால் வீங்கி அவள் முன்னால் மேசையில் கிடந்தார். அவள் குனிந்தபோது அசதி நழுவி உள்ளே போயிற்று. மூடுமுன் வழக்கம்போல் எண்ணினார்கள். பஞ்சு சரி, ஊசி சரி, கத்தரி சரி. அசதி தட்டில் வைத்த சாமான் இல்லையே, அதை யார் எண்ணுவது? தைத்துவிட்டார்கள்.

அன்று நர்ஸ் முழு விழிப்போடு வீடு சேர்ந்தாள். கதை ஊரைத் தாண்டி ஆற்றங்கரை வரை வந்தது. அதற்குள் அவசரக் கேஸ் என்று போன் வந்துவிட்டது.

அதன்பின் அவள் நின்றால் மேலாளருக்குக் கால் வீங்கியது. சேர்ந்தாற்போல் இரண்டு கேஸ் வந்தால் கொட்டாவி விடுவார், மூன்றாவது வந்தால் நாற்காலியிலிருந்து சரிவார். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் ஓரமாக அது சுருண்டு படுத்திருந்தது.

“யாரோடது இது?” என்றார் டாக்டர்.

“என்னோடதுதான் டாக்டர். எங்க போச்சுன்னு தேடிட்டிருந்தேன்,” என்றாள் நர்ஸ்.

“முதல்ல அதை எடுத்துத் தொலைங்க!” என்று அலறினார் மேலாளர்.

“எடுத்துடலாம் சார். ஆனா நான்தான் நிக்கணும். நான் நின்னா அது இன்னும் பெருசாகுமே!”

மேலாளர் படுத்தபடியே விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற நர்ஸுகளுக்கும் சேர்த்துத்தான். அவர்களும் ஆளாளுக்குப் பிடரியைத் தடவியபடி வாசலில் நின்றிருந்தார்கள்.

மகள் கதையைச் சொல்லி முடித்தாள். “எப்படிம்மா?”

“மகா மொக்கைடி. இன்னொரு தடவை சொல்லு.”

அசதி இன்னும் மேலாளருக்குள்தான் இருக்கிறது. மதியம் அது தூங்கும்போது அவரும் தூங்குவார். யாரும் எழுப்புவதில்லை.

மற்றபடி, கட்டிய நாள்முதல் அந்த மருத்துவமனையில் எந்த நர்ஸுக்கும் விடுப்பு கொடுத்ததே கிடையாது. என் பல் ஒன்று லேசாக ஆடுகிறது.