பம்புக் கைப்பிடி

கானா நாட்டில், குமாசி நகர வானொலியின் காலை விவாதத்துக்கு எங்கள் கட்சி சார்பில் போன் செய்து கத்துகிறவன் நான். எதிர்க்கட்சிக்குக் கத்துகிறவர் போவாடி. என்ன கத்த வேண்டுமென்பதைக் கட்சிகளே விடியற்காலையில் அனுப்பிவிடும். படிப்புக்கு இடைஞ்சலில்லாத வேலை.

வானொலியின் நிருபர் பிரசவ விடுப்பில் போனதும் நிலைய மேலாளர் எங்களைக் கூப்பிட்டார். "தினமும் செய்தியப் பத்தித்தானே பேசறீங்க? ஒரு நாள் போய் அத நேர்ல பாருங்க."

என் பைக்கிலேயே இரண்டு கட்சியும் போனோம். இதற்குப் பெயர் நடுநிலை.

அசுபோனி ஊரில் அடிபம்புக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாக்கெட் விற்கும் டுஃபியே அக்கா காத்திருந்தாள்; வானொலிக்குத் தகவல் சொன்னது அவள்தான்.

"எம் பிள்ள ரெண்டு நாளா ஆஸ்பத்திரில கெடக்கான் தம்பி. இந்தத் தண்ணிதான்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. நான் சொன்னா, இவ பாக்கெட் விக்கப் பாக்குறாங்கறாங்க. நீங்க ரேடியோல சொல்லுங்க. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துல இடைவேள விட்டா எல்லாப் பிள்ளைங்களும் இங்கதான் வாய வைக்கும்."

மணி ஒன்பதே கால்.

மேலாளர் தன் நேரடி எண்ணைக் கொடுத்திருந்தார். பழக்க தோஷம், நான் நேயர் எண்ணை அடித்தேன். பிஸி. போவாடியும் அதையே அடித்தார். பிஸி. எங்களால் எங்களுக்கே லைன் கிடைக்கவில்லை.

ஒன்பது ஐம்பதுக்குக் கிடைத்தது. "நெறியாளர் ஐயா, அரங்கத்தில் உள்ள பெரியோர்களே, எங்கள் மாண்புமிகு தலைவருக்கு..." என்று தொடங்கினேன். போவாடி என் காதருகே வந்து, "இந்தப் பம்பப் போட்டது யாரு ஆட்சிலனு சொல்லுய்யா!" என்றார். சொன்னேன். அவர் மறுத்தார். முப்பது விநாடி முடிந்து லைன் போனது.

"தண்ணியப் பத்தி?" என்றாள் அக்கா.

தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது.

"பைக்ல ஸ்பேனர் இருக்கா?" என்றாள் அக்கா.

கொடுத்தேன். மூன்றே சுற்று. கைப்பிடியைக் கழற்றித் தன் பாக்கெட் பெட்டிக்கு அடியில் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டாள். ஓடிவந்த பிள்ளைகள் வெறும் பம்பைப் பார்த்து அவளைத் திட்டினார்கள். அவள் அசையவில்லை. போவாடி மட்டும், "அது எந்தக் கட்சி ஸ்பேனர்?" என்றார், பழக்கத்தில்.

மறுநாள் விடியலில் கட்சியிடமிருந்து வந்தது: 'கைப்பிடியைத் திருடியது எதிர்க்கட்சி.' போவாடிக்கும் அதே வாசகம், கட்சியை மட்டும் மாற்றி. நேற்றைக்கு மாறாக முதல் தடவையிலேயே லைன் கிடைத்தது.

"சொல்லுங்க, திருடினது யாரு?" என்றார் நெறியாளர்.

ஸ்பேனர் என் சட்டைப் பையில் கனத்தது.

"அது தெரியாதுங்க. அசுபோனி பம்புத் தண்ணி கெட்டுப்போச்சு, யாரும் குடிக்காதீங்க. நர்ஸம்மா சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

நெறியாளர் குறுக்கிட்டார்.

"நீங்க எந்தக் கட்சி?"

"இல்லீங்க, இது தண்ணி."

"ராங் நம்பர் போல," என்று நேயர்களிடம் சொல்லிவிட்டு அவர் அடுத்த அழைப்புக்குப் போனார். அடுத்தவர் போவாடி. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஐயா, நானும் அதே ராங் நம்பர்தான்."