இரண்டாம் எண்

கூலிங்குக்கு வெளிநாட்டு வேலை உறுதியானதும் அவன் மனைவி முதலில் வாங்கியது பயணப் பெட்டி அல்ல, போன். அவன் குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பொருத்துகிற மெக்கானிக். தொழிலால் ஒட்டிய பட்டப்பெயர் குணத்துக்கும் பொருந்திப்போனதால் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. வீடு பற்றி எரிந்தாலும் சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான் என்று அவன் தங்கையே சொல்வாள்.

மனைவிக்கு வேலை இணையத் தொலைபேசி விற்கும் கடையில். ஒன்பது வருடமாக அந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்கிறாள். வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் விலை சொல்ல மாட்டாள். யார் பேசுவாங்க, எங்கேருந்து பேசுவாங்க, கரண்ட் போனா என்ன செய்வீங்க என்று மூன்று கேள்வி கேட்பாள். அதே கேள்விகளைத் தன்னையும் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் பேசப்போகிறவர் மாமனார். முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோய் இரண்டு வருடமாகப் படுக்கை. செல்போனைக் கையில் கொடுத்தால் விரல் வழுக்கி வேறு யாருக்கோ போய்விடும். “தொட்டா போதுங்கறாங்க. அழுத்தினாத்தானம்மா அது எழுத்து” என்பார். அவருக்காகப் பெரிய பொத்தான்கள் உள்ள, கம்பி வைத்த போனை எடுத்தாள். இணைய இணைப்பை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் சாதாரண போனைப் பேசவைக்கிற சின்னப் பெட்டி ஒன்று, அடாப்டர் என்பார்கள், கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியோடு வாங்கினாள்.

கணவனுக்கு எடுத்ததுதான் கஷ்டம். அவன் போகிற நாட்டில் செல்போனில் இலவசமாகப் பேச விடுவதில்லை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். கம்பி வேண்டிய அடாப்டரை ஒதுக்கினாள். தொழிலாளர் தங்கும் அறையில் கம்பிக்கு எங்கே போவான்? சூடாகிற ஒன்றை ஒதுக்கினாள். கடைசியில் உள்ளங்கையில் அடங்குகிற, காற்றிலேயே இணையத்தைப் பிடித்துக்கொள்கிற ஒன்றைத் தேர்ந்து, கடையில் மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே அவன் பையில் வைத்தாள். வீட்டு போனுக்கு எண் ஒன்று. அவனுக்கு இரண்டு. உலகத்தில் எந்த மூலையில் செருகினாலும் அது இரண்டுதான். பெரியவர் இரண்டை அழுத்தினால் மகன் எடுப்பான். அந்தப் பொத்தானுக்கு மட்டும் அவள் சிவப்பு நகச்சாயம் பூசிக் கொடுத்தாள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவர் அழுத்துவார். அங்கே அப்போது நடுப்பகல், சாப்பாட்டு நேரம். பத்து நிமிடம் பேசுவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் நாலு மணியிலிருந்தே தலையைச் சீவிக்கொண்டு தலையணையில் சாய்ந்து காத்திருப்பார். மற்றதெல்லாம் மருமகள் பொறுப்பு. காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, பக்கத்து வீட்டு ஆயாவிடம் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவாள். மத்தியானம் ஒருமுறை ஓடிவந்து புரட்டிப் படுக்கவைப்பாள். முதுகில் புண் வரக்கூடாது என்பது அவளுக்கு ஒரு வைராக்கியம்.

ஏழாம் மாதம் பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார். “அவன் பேச்சு வெட்டி வெட்டி வருதும்மா. பாதி வார்த்தையை யாரோ முழுங்கிடறாங்க.”

“நாளைக்குப் பாக்கறேன் மாமா.”

கடைக் கணினியில் ஒரு பக்கம் உண்டு. விற்ற ஒவ்வொரு அடாப்டரும் எந்த இணைப்பிலிருந்து பேசுகிறது, எவ்வளவு சீராகப் பேசுகிறது என்று அதில் தெரியும். வாடிக்கையாளர்களுக்காகத் தினமும் இருபது முறை திறக்கிற பக்கம்தான். கணவனின் வரியைத் திறந்து பார்த்தவள், வேறு யாருடையதையோ திறந்துவிட்டதாக நினைத்து மூடித் திரும்பத் திறந்தாள். இரண்டாம் எண் பேசிக்கொண்டிருந்தது உள்ளூர் இணைப்பிலிருந்து. அந்த இணைப்புக்கு ஊரில் ஆள் பிடித்துக் கொடுப்பதே அவள் கடைதான்.

அந்த இணைப்புக்குக் கம்பி இழுக்கிற லைன்மேனுக்கு போன் போட்டாள். “அண்ணே, இந்த நம்பர் எந்த வீட்டுது?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம், டயர் கடை இருக்குல்ல, அதுக்கு மேல் மாடி. ரூம் ரூமா விடறாங்க. ஏன், ஏதாச்சும் கம்ப்ளெயின்ட்டா?”

“இல்லண்ணே. சும்மா.”

மத்தியானம் மாமனாரைப் புரட்டப் போக வேண்டிய நேரத்தில் ஆயாவிடம் சொல்லிவிட்டுப் பாலத்தைக் கடந்தாள். நடந்தே பத்து நிமிடம்தான் ஆனது. டயர் கடைக்கு எதிரில் மருந்துக்கடை. அதன் படியில் நின்றாள். அரை மணி கழித்து மாடிப்படியில் கூலிங் இறங்கி வந்தான். லேசாகத் தொப்பை விழுந்திருந்தது. ஒரு டீ வாங்கி, கடைக்காரன் சொன்ன எதற்கோ சிரித்தான். நிதானமாகக் குடித்தான். அவசரம் எதுவும் இல்லாதவன் குடிக்கிற மாதிரி. அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வேறு பெண் யாராவது இருப்பாளோ என்று நான்கு நாள் அதே படிக்கு வந்து பார்த்தாள். யாரும் இல்லை. ஆறு மணிப் பேச்சு முடிந்ததும் பக்கத்துக் குளிர்கிடங்குக்கு ராத்திரி வேலைக்குப் போனான். வீட்டுக்கு அனுப்புகிற பணம் அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது. காலை முழுக்கத் தூங்கினான். வெளிநாட்டு ஒப்பந்தம் நாலு மாதத்தில் முடிந்து திரும்பியவன், அப்பாவின் படுக்கையும் மூத்திர வாடையும் இருக்கிற வீட்டுக்குள் நுழைய மனசில்லாமல் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். பெண் என்றால் சண்டை போட்டிருப்பாள். இதற்கு என்ன சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை பெரியவர் பேசி முடித்ததும் அவள் வாங்கிப் பேசினாள்.

“அங்க வெயில் எப்படிங்க?”

“கொளுத்துது. தோல் உரியுது.”

“தலைக்கு ஏதாவது கட்டிக்குங்க. ஏங்க, ஒண்ணு கேக்கணும். சாயங்காலம் பேசினா மாமாவுக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல. இனிமே காலையில ஒன்பது மணிக்குப் பேசச் சொல்லட்டுமா?”

“ஒன்பதா? இங்க அப்ப விடியக்காலம் மூணு மணி.”

“ஆமாம். பெத்த அப்பாவுக்காக எந்திரிக்க மாட்டீங்களா?”

அவன் எந்திரித்தான். காலை ஒன்பது மணிக்கு, கீழே டயர் கடை திறந்து காற்றடிக்கிற நேரத்தில், தலையணையால் போனை மூடிக்கொண்டு தூக்கக் கலக்கக் குரலில் பேசினான். கொட்டாவி விட்டான். அவள் ஒலிபெருக்கியைப் போட்டு வைத்து, மாமனாரின் கால் நகத்தை வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “என்னங்க, வெளிச்சம் வந்துடுச்சா அங்க?” என்பாள். “இல்ல, கும்மிருட்டு” என்பான். அவளுக்கு உள்ளே ஏதோ இனித்தது. பல மாதமாக எதுவுமே இனித்திருக்கவில்லை.

இனிக்காமல் போனது பெரியவருக்குத்தான். நாலாம் நாளே சிவப்புப் பொத்தானின் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். “பாவம்மா, நாள் பூரா வெயில்ல வேல செய்யற பய. நான் வேற அவன் தூக்கத்தைக் கெடுக்கறேன்.” ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார். பிறகு வாரம் ஒருமுறை. ஐந்து நிமிடத்தில் “போய்ப் படுப்பா” என்று வைத்துவிடுவார். பழையபடி ஆறு மணிக்கே பேசுங்க என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். சொல்லவில்லை.

அடுத்த மாதம் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, “பார்க்க வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். உள்ளே பெரியவர் மருமகளின் கையைப் பிடித்தார்.

“அவனை ஒருதரம் வரச் சொல்றியாம்மா?”

அவள் போனைக் கூடத்துக்கு எடுத்துப்போய், சிரிப்போ கேலியோ இல்லாமல் பேசினாள். “மாமாவுக்கு ரொம்ப முடியலை. உங்களைக் கேக்கறார். வர முடியுமா? எப்படி வந்தாலும் சரி. எங்கேருந்து வந்தாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

அவள் காத்திருந்தாள். அந்த ஒரு நிமிடம் உண்மையாகவே அவனுக்கு வழி விட்டாள்.

“லீவு தர மாட்டாங்க. இப்ப வந்தா ஒப்பந்தமே போயிடும். டாக்டரை நல்லா பாக்கச் சொல்லு.”

“சரி” என்று வைத்தாள். உள்ளே போய், “டிக்கெட் பாத்துக்கிட்டிருக்கார் மாமா” என்றாள். அவர் தலையசைத்தார். தலையைச் சீவிவிடச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரியவர் போய்விட்டார். பக்கத்து ஊரிலிருந்து நாத்தனார் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் கூடத்தில் நிறைந்தார்கள். அவர்கள் எல்லோரும் இருக்கும்போதுதான் அவள் இரண்டை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“ஏங்க, அப்பா போயிட்டார்.”

அவன் அழுதான். அது நிஜமான அழுகை, அவளுக்கே தெரிந்தது. “நான் வர்றேன். நான் வந்துடறேன். அதுவரைக்கும் எடுக்காதீங்க” என்றான்.

“எப்படிங்க முடியும்? உடனே கிளம்பினாலும் ஒண்ணரை நாள் ஆகும்ல. டாக்டர் வைக்கக் கூடாதுன்னுட்டார். நாலு மணிக்கு எடுக்கறோம்.”

“ஒரு நாள் வச்சிருக்க முடியாதா?”

“ஒரு நாள் வச்சா மட்டும் வந்துடுவீங்களா? நடந்து வர்ற தூரமா?”

கூடமே போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்; பத்து நிமிடத்தில் அப்பாவின் காலடியில் இருப்பான். அதோடு இருபது சொந்தக்காரர்களுக்கு முன்னால் முகம் காட்ட வேண்டியிருக்கும். அவன் மூக்கை உறிஞ்சினான்.

“முடியாது. சரி, எடுத்துடுங்க.”

“போனை அவர் காதுகிட்ட வைக்கறேன். பேசுங்க.”

அவன் அப்பா, அப்பா என்று பேசினான். நாத்தனார் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். ஒரு கிழவர், “கடல் தாண்டிப் போனா இதுதான் கதி” என்று கண்ணைத் துடைத்தார். எல்லோரும் அழுதார்கள். அவள் போனைப் பிடித்திருந்த கை மட்டும் ஆடவேயில்லை.

நாலு மணிக்கு வண்டி தெருமுனை திரும்பும்போது, மூடிய ஹெல்மெட்டோடு ஒருவன் மின்கம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தான். கம்பத்தை ஒரு கையால் பிடித்திருந்தான். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, “வேற யாராச்சும் பாக்கணுமா?” என்று வழக்கம்போலக் கேட்டார். தெருமுனை வரை வண்டியோடு நடந்து வந்திருந்த அவள் அந்த ஹெல்மெட்டை நேராகப் பார்த்தாள்.

“யாருமில்ல. போங்க.”

வியாழக்கிழமை காலை கூலிங் டாக்சியில் வந்து இறங்கினான். விமானத்தில் வந்தால் ஆகிற நேரத்தைச் சரியாகக் கணக்குப் பண்ணியிருந்தான். பெட்டியில் விமான நிலையச் சீட்டு தொங்கியது, பழைய சீட்டு. தங்கை கட்டிக்கொண்டு அழுதாள். “எப்படிக் கறுத்துட்டே அண்ணா” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொந்தக்காரர்கள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்; தூரத்திலிருந்து வந்தவன் என்று நல்ல நாற்காலியைக் கொடுத்தார்கள்.

மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் அவள் பெரியவரின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கூலிங் வந்து காலியான கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

“லீவு எத்தனை நாளுங்க?” என்றாள், துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“பத்து நாள்.”

“பதினோராம் நாள் கிளம்பிடணும் அப்ப. பாலம் தாண்டறதுக்கு டாக்சி எதுக்கு, நடந்தே போகலாம்.”

அவன் முகம் வெளுத்தது. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தான். “எப்பலேருந்து தெரியும்?”

“ரெண்டு மாசமா.”

“அப்ப ஏன் என்னைக் கூப்பிடலை? வந்து நாலு அறை விட்டு இழுத்துட்டு வந்திருக்கலாமே. அப்பா பாத்திருப்பாரே என்னை.”

பெரியவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டது கண் முன்னால் வந்தது. அது வந்ததாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“அவருக்கும் தெரியும்” என்றாள்.

“என்ன?”

“கடைசி வாரம் சொல்லிட்டேன். உங்க புள்ள பாலத்துக்கு அந்தப் பக்கம் டயர் கடை மாடியில இருக்கார்னு. கேட்டுட்டு மாமா அழலை. அவன் வர வேணாம்மா, அங்கயே நிம்மதியா இருக்கட்டும்னார். அதுக்கப்புறம் உங்க பேரையே எடுக்கலை.”

அது பொய். பெரியவரிடம் அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. டிக்கெட் கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டேதான் அவர் கண்ணை மூடினார். ஆனால் அதைச் சொல்ல அவர் இனி வரப்போவதில்லை.

கூலிங் கட்டிலின் விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சத்தம் வரவில்லை. பக்கத்து அறையில் தங்கை தூங்குகிறாள் என்பதால் வாயைத் திறந்தபடியே குலுங்கினான். அவள் கடைசி வேட்டியையும் மடித்து அடுக்கிவிட்டு, அடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கைதான் கனத்தது.

பதினோராம் நாள் சொந்தக்காரர்கள் வாசலில் நின்று அவனை வழியனுப்பினார்கள். தங்கை ஒரு காகிதத்தை அவன் சட்டைப்பையில் செருகினாள். அடுத்த தடவை வரும்போது வாங்கி வர வேண்டிய சாமான்கள்: வாசனைத் திரவியம், குழந்தைக்கு விளையாட்டு ஷூ, அவள் கணவனுக்கு முகச்சவர இயந்திரம்.

“எப்ப வருவே அண்ணா?”

அவன் மனைவியைப் பார்த்தான்.

“ரெண்டு வருஷம் ஆகும்” என்று அவள் பதில் சொன்னாள். “ஒப்பந்தம் அப்படி.”