ஆனிக் காற்றுக்கும் ஒரு சீட்டு

இலத்தூர் கால்பந்து அணியில் தெருவுக்கு ஒரு சீட்டு கேட்டவர்களைப் பயிற்சியாளர் தாணுமாலயன் அண்ணாச்சி விரட்டிவிட்டார். “கூட்டணி வச்சா ஆட்சி வரும்லே, கோல் வராது.”

தோற்றால் இனி அவர் பந்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது.

மலைக் கணவாய் அடிவாரத்துப் புளியறையில் இறுதிப்போட்டி. சமநிலை, கடைசி நிமிடம், எங்கள் பாண்டிராஜுக்கு ஒரு ஃப்ரீகிக்.

“கம்பத்துக்கு வெளிய பாத்து அடிலே! கணவாய்க் காத்து உள்ள கொண்டாந்துரும். சயின்ஸுலே!” என்று அண்ணாச்சி கத்தினார்.

“இந்த யோசனைய ஓசியில குடுத்தாலும் வாங்காதலே!” என்றேன் அவர் பக்கத்தில் நின்ற நான்.

பாண்டிராஜ் வாங்கிவிட்டான். விலகிப் போன பந்து, சாரலுக்குள் யாரோ கூப்பிட்டதுபோல வளைந்து திரும்பி வலைக்குள் விழுந்தது.

அண்ணாச்சி என் கையை இறுகப் பிடித்தார்.

“ஏலே, நெசமாவே திரும்பிட்டுலே!”