மணி கழுவிய தண்ணீர்

1.

இந்தக் கதை கார்பூல் லேனில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1998இல் ஃப்ரீமான்ட்டிலிருந்து வடக்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு, அந்த லேனில் நுழையக் காரில் இன்னொரு தலை தேவைப்பட்டது. மாடி வீட்டுப் புஷ்பவல்லிக்கு, அவள் சம்பளமில்லாமல் உதவி செய்துவந்த பல்கலைக்கழக அருங்காட்சியகம் வரை ஒரு கார் தேவைப்பட்டது. கணவன் கோபாலசாமி சான் ஹோசேயில் புரோகிராமர். அவளுடையதோ வேலை பார்க்கக் கூடாத விசா. தொல்லியலில் எம்.ஏ. படித்து, நொய்யல் கரையில் ஓர் அகழாய்வில் வெயிலில் காய்ந்தவள். இலக்கியம் இப்படியும் உற்பத்தியாகும்.

2.

அருங்காட்சியகத்துப் பழைய மணிகளைப் பற்றி அவள் சொன்னதை வைத்து முதலில் எழுதிய தொடக்கம்:

"கடற்கரையில் சூமாஷ் பெண்ணொருத்தி அலைகளைப் பார்த்தபடி, தன் காதலனுக்காக ஒரு மணிமாலை"

புஷ்பவல்லி காரிலேயே படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்கண்ணா, மணி செஞ்சது பொம்பளைன்னு உங்களுக்கு ஆரு சொன்னது? காதலன் வேற."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

3.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது. அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? அதனால் நடுவிலேயே.)

சூமாஷ் மக்கள் தெற்குக் கலிஃபோர்னியக் கடற்கரையிலும் எதிரே உள்ள தீவுகளிலும் வாழ்ந்தவர்கள்; அவர்களின் சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள். சின்னக் கடல்நத்தையின் ஓட்டை உடைத்து, கல் ஊசியால் துளைபோட்டு மணி செய்தார்கள். நல்ல மணி படகேறி ஊர் ஊராகப் போய்விடும், பணமாகவும் புழங்கும். துளைபோடும்போது உடைந்தது செய்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே செய்தவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி, அவர்கள் கை தவறியபோது தெரிந்தது. துளை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், யாரோ அதை நெடுநாள் அணிந்திருந்தார்கள் என்று பொருள். அந்த யாரோ யார் என்று மணி சொல்லாது.

(என் அரைகுறை வாக்கியங்களும் உடைந்த மணிகள்தான் என்று இங்கே ஒரு வரி இருந்தது. அசடு வழிந்தது, எடுத்துவிட்டேன்.)

4.

இனி நடந்தது.

எங்கே கிடைத்தவை என்று எழுதிய சீட்டு தொலைந்துபோன ஒரு பை மணிகளைப் புஷ்பவல்லியிடம் கொடுத்தார்கள். கல்லறையில் கிடைத்தவை என்றால் சட்டப்படி சூமாஷ் சந்ததியாரிடம் திருப்பித் தர வேண்டும். மணி செய்த பட்டறையில் கிடைத்தவை என்றால் அருங்காட்சியகத்திலேயே இருக்கலாம். எல்லா மணியிலும் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. அவள் ஊரில் தோண்டி எடுக்கிற எதுவும் செம்மண்ணோடுதான் வரும். மாணவர்களுக்கு முதல் வேலையே அதைக் கழுவுவது. பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், தேய்த்துத் தேய்த்து எல்லாவற்றையும் பளிச்சென்று வெள்ளையாக்கிவிட்டாள்.

அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த புரொஃபசர் வந்து பார்த்து மெச்சினார். பட்டறை மணிகளாகத்தான் இருக்கும் என்றார்.

அந்த வாரமே ஏதோ ஒரு பழைய அறிக்கையைப் புரட்டியபோதுதான் இவளுக்கு உறைத்தது. அங்கே இறந்தவர்கள் மேல் காவிக்கல் பொடி தூவுவதுண்டு. இந்த மணிகள் சிலவற்றில் துளை தேய்ந்திருந்தது, ஆனால் அது மட்டும் சாட்சியாகாது. அறுந்து எங்கேயும் விழுந்திருக்கலாம். கூடவே காவியும் இருந்தால் கல்லறை மணிதான், பேச்சே இல்லை. அந்தக் காவி சிங்க்கில் போய்விட்டது.

"நாந்தாண்ணா கழுவி ஊத்திட்டேன்." ஃப்ரீவே முழுக்க அழுதாள். "சொன்னா ரெகமண்டேஷன் லெட்டர் தரமாட்டாங்க. லெட்டர் இல்லைன்னா பிஎச்.டி.யும் இல்லை. கிரீன் கார்டு வர்ற வரைக்கும் சோறாக்கிட்டு உக்காந்திருக்கோணும்."

"சொல்லாம விட்டா?"

"ஆரோ செத்தவங்க கழுத்துல கெடந்ததுங்க. டிராயர்லயே கெடக்கும்."

எனக்குப் பாவமாக இருந்தது. நல்ல கதை கிடைத்துவிட்டது என்றும் இருந்தது. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

5.

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். புரொஃபசர் கண்கலங்கி எழுந்து வந்து, உன்னைப் போன்ற மாணவிதான் எனக்கு (இவ்வளவு நல்லவர்களை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: சொல்லவில்லை. டாக்டர் புஷ்பவல்லி ஆகிறாள். ஆனாலும் குழாயைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் சிவப்பாக (போதும்.)

திருப்பித் தர வேண்டியவை எவை என்று பேச சூமாஷ் பிரதிநிதிகள் வரவிருந்த வியாழக்கிழமை காலை, காரில் இரண்டையும் வாசிக்கக் கொடுத்தேன்.

"ரெண்டுலயும் நாந்தான் இருக்கறேன்," என்றாள். "மணியப் போட்டிருந்தவங்க எங்கீங்கண்ணா?"

வெட்கமாக இருந்தது. ரேடியோவைப் போட்டேன்.

6.

அருங்காட்சியக பார்க்கிங்கில் ஒரு வேனிலிருந்து இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும் இறங்கினார்கள். தெற்கிலிருந்து நெடுந்தூரம் ஓட்டி வந்த அலுப்பில் ஒருத்தி கொட்டாவி விட்டு நெட்டி முறித்தாள். புஷ்பவல்லி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

"நான் சொல்லிட்டேன்னா இந்தக் கதைய எங்கயும் போடாதீங்கண்ணா. அப்பறம் அது அவங்க சமாச்சாரம், நமக்கென்னத்துக்குங்க. சொல்லாம வந்துட்டேன்னா போட்டுருங்க. எம் பேரோட போடுங்க."

"சத்தியமா," என்றேன்.

இறங்கிப் போனாள். சாயங்காலம் காரில் ஏறி அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும்.

கதை இப்போது உங்கள் கையில், அவள் பெயரோடு இருக்கிறது. ஒன்று, புஷ்பவல்லி வாய் திறக்கவில்லை. இல்லையென்றால், நல்ல கதையை விட மனமில்லாமல் நான் சத்தியத்தை மீறியிருக்கிறேன். எங்கள் இருவரில் ஒருவரை நீங்கள் சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

என்னைச் சந்தேகப்படுங்கள்.