லாங் பெல்

துளசிராமன் வாத்தியாரின் சட்டைக் காலரைச் சடையப்பன் பிடித்ததில் நியாயம் இருந்தது. ஊரே அதை ஒப்புக்கொண்டது. அவன் மகள் குணசுந்தரியை அந்த ஆள் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் எறா" என்பார். அவள் தாய் முத்தம்மாள் பழவேற்காட்டு இறாலைக் கூடையில் சுமந்து கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் விற்பவள். அதனால் அந்தப் பட்டம். கவுச்சி வீசுகிறது என்று ஏழாம் வகுப்பின் வாசற்படிக்கு வெளியே அவளை உட்கார வைத்திருந்தார்.

"எம் பொண்ணு பேரு வாயில வராத உன்கிட்ட அவ இன்னாத்துக்குடா படிக்கணும்? ஊட்டுலயே வச்சி நான் படிக்க வெக்கிறேன். பிரைவேட்டுல எழுதி எட்டாவது பாஸ் பண்ணலன்னா மீசைய எடுத்துடறேன்" என்று பள்ளிக்கூடத்து நடுவில் நின்று சொன்னான்.

வாத்தியார் காலரைச் சரிசெய்துகொண்டார். "மில்லுல இடுக்கி புடிக்கிற கை. சாக்பீஸ் ஒடஞ்சிடப் போவுது, பாத்துப் புடி."

குணசுந்தரியை யாரும் கேட்கவில்லை. வெளியே உட்கார்ந்தாலும் அவளுக்கு அங்கே சிநேகிதிகள் இருந்தார்கள். புளியங்கொட்டை ஆட்டம் இருந்தது. எறா என்றால் அவளும் பதிலுக்கு வாத்தியாருக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தகப்பனுக்குப் பின்னால் அழுதுகொண்டே வந்தாள். அவமானத்தில் அழுகிறாள் என்று சடையப்பன் நினைத்தான்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில், உருளைக்குள்ளிருந்து செக்கச் சிவந்து பாய்ந்து வரும் கம்பியை இடுக்கியால் கவ்வித் திருப்பிவிடும் வேலை அவனுக்கு. எஸ்.எஸ்.எல்.சி. வரை போய்க் கணக்கில் கவிழ்ந்தவன். அந்தக் கணக்கை மகளை வைத்து நேர் செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. மில் கழிவிலிருந்து தண்டவாளத் துண்டு ஒன்றைத் தூக்கி வந்து, முருங்கை தாங்காது என்று வேப்பமரத்தில் தொங்கவிட்டான். பாடம் ஆரம்பிக்க ஒரு தட்டு. முடிந்தால் பள்ளிக்கூடத்தைப் போலவே கணகணவென்று லாங் பெல். பள்ளிக்கூடத்தை அவ்வளவு திட்டியவன், அதில் ஒன்றைக்கூட விடாமல் வாசலில் கொண்டுவந்து மாட்டினான்.

முதல் நாள் பின்னக் கணக்கின் நடுவில் அவள், "நைனா, தண்ணி குட்சிட்டு வரட்டா?" என்றாள்.

"பெல் அட்ச்சா நைனா கெடையாது. சார்னு கூப்புடு."

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அறை விழுந்தது. அதற்குப் பிறகு பெல்லுக்கும் பெல்லுக்கும் நடுவில் அவன் சார். லாங் பெல் அடித்தால் நைனா. ஷிப்டு முடிந்து, தோலில் அனல் ஆறாமல் வருகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஒரே கணக்கை மூன்றாம் முறை தப்பாகப் போட்ட அன்று, கையிலிருந்த, மணி அடிக்கிற இரும்புப் பட்டையை அவள் விரல் முட்டியில் வீசினான். விரல்கள் கொழுக்கட்டை போல வீங்கின.

கூடையை இறக்கிவைத்த முத்தம்மாள் மகளின் கையைப் பார்த்தாள். "எறான்னு சொன்னவன்கூட இவள எறா மாதிரி உரிக்கலியேயா" என்றாள்.

சடையப்பன் கையை உதறிக்கொண்டு கள்ளச்சாராயம் விற்கிற தோப்புப் பக்கம் போய்விட்டான். மணி அடிக்கவில்லை.

மறுநாள் காலை அவனுக்குக் கஞ்சி வைத்தபோது குணசுந்தரி, "உப்பு போதுமா சார்?" என்றாள்.

"இன்னாடி, பாடமா நடக்குது?"

"நேத்து லாங் பெல் அடிக்கலியே சார். இன்னும் வுடல."

கையை ஓங்கினான். அவள் நகரவில்லை. கன்னத்தை வசமாகத் திருப்பிக் காட்டினாள். ஓங்கிய கை கஞ்சிப் பானையின் மூடியை எடுத்தது. எழுந்து போய் நாலு தட்டுத் தட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பெத்த பொண்ணு கேட்டு நான் மணி அடிப்பதா என்று அதன்பிறகு தண்டவாளத்தைத் தொடவே இல்லை. படிப்பு நின்றுவிடக் கூடாது, மீசை போகக் கூடாது. சாரோ கீரோ, பாஸ் ஆகட்டும் என்று பல்லைக் கடித்தான்.

அவளும் பல்லைக் கடித்தாள். வெறி பிடித்தது போலப் படித்தாள். அடிக்க அவனுக்கு ஒரு சாக்கும் கொடுக்கவில்லை. தீபாவளிக்குப் பாவாடைத் துணி எடுத்து வந்து கொடுத்தான். "தேங்ஸ் சார்" என்று வாங்கி வைத்தாள். தெருவில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மில்லிலும் தெரிந்துபோய், "இன்னா சார், இடுக்கிய எடு சார்" என்று ஆளாளுக்குக் கிண்டல் அடித்தார்கள்.

பொன்னேரியில் பரீட்சை எழுதினாள். பாஸ் ஆனாள்.

சடையப்பன் சவரம் செய்து, மீசையை முறுக்கி, மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். துளசிராமன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி வராந்தாவில் நின்றார். எறா பாஸாகிவிட்டதென்றும், இடுக்கி பிடித்த கையில் சாக்பீஸ் உடையவில்லை என்றும் நாலு வகுப்புக்குக் கேட்கும்படி சடையப்பன் சொன்னான். வாத்தியார் குச்சியை மென்றுகொண்டிருந்தார். இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவன் அத்தனையும் செய்தது.

"சார், வெயிலாக் கீது. போலாமா?" என்றாள் குணசுந்தரி.

வாத்தியார் தன்னைத்தான் கேட்கிறாள் என்று, "போம்மா" என்றார்.

"உங்கள இல்ல. இந்த சாரக் கேட்டேன்."

துளசிராமன் சடையப்பனைப் பார்த்தார். குச்சியை வாயிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாக, பல் தெரியச் சிரித்தார். "வாங்க சார்" என்றார் அவனிடம். "உக்காருங்க. நம்ம ரெண்டு பேரும் ஒரே உத்தியோகம்."

சடையப்பன் மகளை இழுத்துக்கொண்டு திரும்பினான். வீட்டுக்கு வந்ததும் இரும்புப் பட்டையை எடுத்துப்போய்த் தண்டவாளத்தில் அடித்தான். கணகணவென்று, தோள் வலிக்க அடித்தான். தெருப்பிள்ளைகள் ஓடிவந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பெல் அட்ச்சாச்சிடி" என்றான் மூச்சிரைக்க. "வுட்டாச்சி. கூப்புடு."

குணசுந்தரி தாயின் கூடையைக் கவிழ்த்து இறால் உரிக்க உட்கார்ந்திருந்தாள். தலையைக் கிள்ளி எறிந்தாள். முட்டி மடங்காத அந்த விரல்களால் ஓட்டை உரித்தாள். அடுத்த இறாலை எடுத்தாள்.

"கை கவுச்சியாக் கீது சார்" என்றாள். "தள்ளிப் போய் நில்லுங்க."